ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை: காவிரி ஏன் காக்கவில்லை?

கேள்வி:
வணக்கம். காவிரி இரண்டாகப் பிரிந்து சூழும் தீவின் மேற்கு முனையில், வடக்கிலும் மேற்கிலும் ஆறே அகழியாக அமைந்த ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டையை அண்மையில் பார்த்தேன். இத்தகைய கோட்டையை 1799-இல் ஆங்கிலேயர் ஒரே பிற்பகலில் பிடித்தது எவ்வாறு? ரங்கநாதர் கோயிலும் இரட்டை மினார் கொண்ட மசூதியும் நன்றாக நிற்க, திப்புவின் லால் மகால் அரண்மனை மட்டும் வெறும் அடித்தளமாகக் கிடக்கிறதே, அது போரில் அழிந்ததா?

பதில் 1:
காவிரி அங்கே ஆண்டு முழுவதும் அகழியாக இருப்பதில்லை. குடகில் தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகே வெள்ளம் வரும். அதற்கு முந்தைய கோடையில், பாறைகள் தெரியும் அளவுக்கு நீர் வடிந்துவிடும். 1791 மே மாதத்தில் கோட்டை வரை வந்த ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் காரன்வாலிஸ், மழையாலும் உணவுத் தட்டுப்பாட்டாலும் தம் கனரகப் பீரங்கிகளைத் தாமே உடைத்துவிட்டுத் திரும்ப நேர்ந்தது. எனவே 1799-இல் வேலூரிலிருந்து புறப்பட்ட ஆங்கிலேயத் தளபதி ஹாரிஸின் படை ஏப்ரல் தொடக்கத்திலேயே வந்து சேர்ந்து, வடமேற்கு மூலைக்கு அருகே மேற்கு மதிலைத் தொடர்ந்து சுட்டுத் தகர்த்து, மே 4 அன்று நண்பகலுக்குப் பின், நல்ல வெயிலில், ஆற்றில் இறங்கி நடந்தே கடந்தது. தாக்குதலை நடத்திய டேவிட் பெயர்டு, 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர்ப் போரில் பிடிபட்டு இதே ஊரில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் சிறையிருந்தவர்.

பதில் 2:
திப்புவின் அமைச்சர் மீர் சாதிக்கின் துரோகத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டாமா? தாக்குதல் நேரத்தில் சம்பளம் தருவதாகச் சொல்லி, உடைந்த மதிலின் காவலரை அவர் விலக்கினார் என்றுதானே பரவலாகச் சொல்லப்படுகிறது?

பதில் 1 எழுதியவர்:
அவ்வாறே சொல்லப்படுகிறது, நான் மறுக்கவில்லை. ஆயினும் மதில் உடைந்து, ஆறும் வற்றிக் கிடந்த நிலையில், அந்தக் காவலர் நின்றிருந்தாலும் தாக்குதல் சில மணி நேரம் நீண்டிருக்கும் என்பதே என் கருத்து.

பதில் 3:
அரண்மனையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது முற்றுகையில் இடிந்ததன்று. பின்னர் ஆங்கிலேயரால் பிரிக்கப்பட்டது. 1799-லேயே தலைநகர் மைசூருக்குப் போய்விட்டது. விடாத காய்ச்சலால் ஆங்கிலேயப் படையும் பின்னர் பெங்களூருக்குப் பெயர்ந்தது. ஆள்வோர் இல்லாத ஊரில் தேக்கு உத்தரங்கள் யாருக்காவது பயன்படத்தானே செய்யும்! அவற்றுள் சில ஊட்டிக்கு மலையேறின: 1829-இல் அடிக்கல் நாட்டப்பட்ட புனித ஸ்டீபன் தேவாலயத்தின் கூரையைத் தாங்குபவை இவ்வூரில் இருந்த திப்புவின் அரண்மனை ஒன்றின் மரங்களே. திப்புவின் அரண்மனைகளின் எச்சத்தைத் தேடுபவர் அந்தக் கூரையையும் பார்ப்பது நல்லது.

மதில் உடைக்கப்பட்ட இடத்தில் 1907-இல் எழுப்பிய நினைவுத் தூண் இருக்கிறது. திப்புவின் ஆயுதக் கிடங்கு ஒன்று இரட்டை ரயில் பாதைக்கு இடையூறாக இருந்ததால், அதை இடிக்காமல், 2017-இல் கட்டடமாகவே பெயர்த்துச் சற்றுத் தள்ளி வைத்தனர்.