மறு: ‘ஷ்மிட்டா’ – ‘விடுகையாண்டு’ என்னும் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். யூத சமயத்தில் நிலத்தின் ஆசி தொடர்பான சொற்களைத் தொகுக்கும் இவ்விழையில், ஏழாண்டுக்கு ஒருமுறை நிலத்தைப் பயிரிடாமல் விட்டுக் கடனையும் தள்ளிவிடும் ஆண்டைக் குறிக்கும் ‘ஷ்மிட்டா’ என்னும் எபிரேயச் சொல்லுக்குத் ‘தரிசாண்டு’, ‘ஓய்வாண்டு’ ஆகிய இரண்டும் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

‘தரிசாண்டு’ என்பதை உடனே விலக்கிவிடலாம். வருவாய்க் கணக்கில் ‘நடப்புத் தரிசு’ என்று எழுதினால் மழை பொய்த்தோ முதல் இல்லாமலோ போட்டுவைத்த நிலம் என்றே நம்மவர்க்குப் பொருள்படும். இசுரயேல் நாட்டில் ஏழாம் ஆண்டில் உழவும் விதைப்பும் கிளை கழிப்பும் நிற்கின்றனவே தவிர ஒலிவமும் திராட்சையும் அத்தியும் வழக்கம்போல் காய்க்கின்றன; மரம் பட்டுப்போகாதிருக்க நீர் விடவும் இடமுண்டு. காய்த்தது அந்த ஆண்டு உடையவனுக்கு மட்டும் உரியதன்று, ஏழைக்கும் காட்டு விலங்குக்கும் பொது என்பதே விதி.

‘ஓய்வாண்டு’ பரிந்துரைத்த ஐயா விவிலியத்தின் லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தைச் சான்று காட்டினார். நிலம் ஓய்வுகொள்ள வேண்டும் என்று அங்கே சொல்லப்படுவது உண்மைதான். ஆனால் அந்த அதிகாரத்தில் ‘ஷ்மிட்டா’ என்ற சொல்லே இல்லை, ஓய்வைக் குறிக்கும் ‘சபாத்து’ என்பதே உள்ளது. ‘ஷ்மிட்டா’ பெயர்ச்சொல்லாக வருவது உபாகமம் 15இல், அதுவும் கடனைப் பற்றிப் பேசுமிடத்தில். அதன் வினைவடிவம் யாத்திராகமம் 23இல் நிலத்தைக் குறித்து வருகிறது. கடன் கொடுத்தவனிடம் ‘உன் கை அதை விடட்டும்’ என்னும் பொருளில் சொல்லப்படுவதும் அதே வினைதான். ஆகவே நிலத்தின் மீதுள்ள பிடியையும் கடனாளி மீதுள்ள பிடியையும் ஒருசேரத் தளர்த்தும் ஆண்டு இது. ‘ஓய்வு’ முதற்பாதியை மட்டுமே தாங்கும். ஏழாம் ஆண்டு நெருங்க நெருங்கக் கொடுத்த கடன் திரும்பாது என்று அஞ்சிப் பணமுடையோர் கைமாற்றே தர மறுத்ததால், கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைக்கும் ‘புரோசுபூல்’ என்னும் ஆவணத்தை இல்லேல் என்னும் ஆசிரியர் ஏற்படுத்தினார் என்று யூதச் சட்டத் தொகுப்பான மிசுனா கூறுகிறது. ‘ஓய்வாண்டு’ என்று எழுதிவிட்டால் அந்த ஆவணம் எதற்கு என்றே வாசகருக்கு விளங்காது.

எனவே ‘விடுகையாண்டு’ என முன்மொழிகிறேன். பிடியை விடுதல், உரிமையை விட்டுக்கொடுத்தல், நிலத்தை அதன் போக்கில் விடுதல் என எல்லாவற்றையும் நம் ‘விடு’ இயல்பாக ஏற்கிறது. தமிழ் விவிலியத்தின் ‘விடுதலை’ இருக்கிறதே என்று கேட்கலாம். அச்சொல் இன்று அரசியலுக்கும் சிறைக்குமே போய்ச் சேர்ந்துவிட்டது. ‘விடுப்பு’ அலுவலகத்தாருடையது.

அடுத்து, ஆசி. ஏழாம் ஆண்டில் எதை உண்போம் என்று மக்கள் கேட்டால், ஆறாம் ஆண்டில் என் ஆசியைக் கட்டளையிடுவேன், அது மூன்றாண்டு விளைச்சலைத் தரும் என்று இறைவன் மறுமொழி சொல்வதாக லேவியராகமம் 25 கூறுகிறது. இதைக் கொண்டு, ஆசியைக் குறிக்கும் ‘பெராகா’ என்னும் எபிரேயச் சொல்லை ‘விளைபெருக்கம்’ எனலாம் என்று நேற்று எழுதிய அம்மையாரின் கருத்தோடு நான் உடன்படவில்லை. இரண்டு வசனங்களுக்கு முன்னால் வரும் ‘நிறைவாக உண்பீர்கள்’ என்பதற்கு, 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் இராசி, வயிற்றுக்குள்ளும் ஆசி இருக்கும் என்று உரை சொல்கிறார். அதாவது களத்தில் குவிவது மட்டுமன்று, உண்டது போதுமானதாக ஆவதும் ஆசியே. தமிழ் முசுலிம்கள் நாள்தோறும் சொல்லும் ‘பரக்கத்து’ இதே செமித்திய வேரிலிருந்து வந்தது. சம்பளம் கைநிறைய வந்தும் பரக்கத்து இல்லை என்று சொல்லும்போது அவர்கள் கருதுவதும் அளவையன்று. பொதுவாசகருக்கு ‘ஆசி’ போதும்; விளக்கக் குறிப்பில் ‘பரக்கத்து’ என்பதையும் சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம். உண்ணுமுன் மனிதர் சொல்லும் பெராகாவுக்கு மட்டும், ‘கடவுள் வாழ்த்து’ என்னும் நம் வழக்கையொட்டி, ‘வாழ்த்து’ எனத் தனியே வைக்கலாம்.

நிலத்தை அவ்வாண்டுக்கு மட்டும் யூதரல்லாதார்க்கு விற்றுவிட்டுப் பயிரிடும் ஏற்பாட்டுக்கு ‘விற்பனை இசைவு’ பொருந்தும். 1909–10ஆம் ஆண்டு விடுகையில் ரபி ஆபிரகாம் ஐசக் குக் ஆதரித்த இவ்வேற்பாட்டை ஏற்காத ரபிகள் (யூத சமய ஆசிரியர்கள்) இன்றும் பலர் உள்ளனர். ஆகையால் ‘சலுகை’ என்று எழுதினால் நாம் ஒரு பக்கம் சாய்ந்தவர்களாவோம்.

எனக்கு முடிவு எட்டாதது ‘கெதுசாத்து செவீயீத்து’ ஒன்றுதான். ஏழாம் ஆண்டுக் கனிக்கு ஒரு புனிதம் உண்டு: அளந்தோ நிறுத்தோ எண்ணியோ விற்கக் கூடாது, வீணாக்கக் கூடாது. இன்றும் அவ்வாண்டில் பல வீடுகளில் ஆரஞ்சுத் தோலுக்கும் எஞ்சிய காய்கறிக்கும் தனிக் கூடை வைத்து, தின்னத் தகாதவாறு கெட்ட பிறகே குப்பையில் சேர்க்கிறார்கள். ‘ஏழாமாண்டுப் புனிதம்’ என்பது சொல்லுக்குச் சொல் சரிதான். ஆயினும் ‘புனிதம்’ என்றதும் தொடக் கூடாத பொருள் என்று தமிழ் மனம் ஒதுங்கும். இதுவோ உண்பதற்கென்றே உள்ள கனி. வேறு சொல் தோன்றுபவர்கள், 2028–29இல் வரும் அடுத்த விடுகையாண்டுக்கு முன்பாவது எழுதி உதவுக.

அன்புடன்,
குழு உறுப்பினர் ஒருவர்