படத்துக்குள் ஒளித்த செய்தி அக்காவின் கணினியில் காணாமல் போகிறது: உதவி தேவை

தோபாயோவாசி:
வீட்டு இரும்புப் பெட்டியின் எண்ணையும் அம்மாவின் ஆவணங்கள் இருக்கும் இடத்தையும் ஜோகூர் பாருவில் இருக்கும் அக்காவுக்கு அனுப்ப வேண்டும். அவருடைய கைப்பேசியைப் பிள்ளைகள் மூவரும் மாறி மாறி நோண்டுவார்கள். அதனால் சிராங்கூன் சாலைத் தீபாவளி ஒளியூட்டுப் படம் ஒன்றுக்குள் செய்தியை ஒளித்தேன். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீல எண்களின் கடைசி பிட்டை (இரும வடிவில் கடைசியாக நிற்கும் 0 அல்லது 1) மட்டும் மாற்றும் சிறு பைத்தான் நிரல், நானே எழுதியது. முதல் 32 பிட்டுகளில் செய்தியின் நீளம் இருக்கும்.

என் கணினியில் செய்தி சரியாக வெளிவருகிறது. அக்கா திறந்தால், நீளம் 300 கோடி என்று காட்டிவிட்டு நிரல் நின்றுவிடுகிறது. இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறேன்.

பிட்டுக்காரன்:
எப்படி அனுப்பினீர்கள்? அனுப்பிய கோப்பு, போய்ச் சேர்ந்த கோப்பு இரண்டின் அளவையும் சொல்லுங்கள்.

தோபாயோவாசி:
கைப்பேசிச் செயலியில் சாதாரணப் படமாக அனுப்பினேன். இங்கே பிஎன்ஜி, 3 எம்பி. அங்கே 190 கேபி. அட, ஜேபெக் ஆகியிருக்கிறது!

பிட்டுக்காரன்:
அங்கேதான் போயிற்று. பிஎன்ஜி புள்ளிகளை அப்படியே வைத்திருக்கும்; ஜேபெக்கோ படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களைத் தோராயமாக்கிச் சுருக்குகிறது. 200 என்ற சிவப்பை நீங்கள் 201 ஆக்கியதும் கண்ணுக்குத் தெரியாத நுணுக்கந்தானே? நீங்கள் ஒளித்த இடத்தையே அது குப்பை என்று கூட்டித் தள்ளிவிட்டது. நிரல் எஞ்சிய குப்பையைப் படித்து 300 கோடி என்கிறது. அக்கா அதை மறுபடி பிஎன்ஜியாகச் சேமித்தாலும் பயனில்லை. படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், ஒரு பைட் (8 பிட்) கூட மாறாமல் போகும்.

தோபாயோவாசி:
ஆவணமாக அனுப்பினேன். செய்தி வருகிறது! ஆனால் பாதியில், இல்லை, பாதிகூட இல்லை, “பெட்டியின் எண்” என்ற இடத்தில் அறுந்து, கடைசியில் கேள்விக்குறி போட்ட கறுப்புச் சாய்சதுரம் நிற்கிறது. நேற்று ஆங்கிலத்தில் சோதித்தபோது முழுதாக வந்தது. தமிழ் மீது என் நிரலுக்கு என்ன கோபம்?

ஈசூன் அக்கா:
தம்பி, நீளத்தை லென் கட்டளையால், எழுத்து வடிவத்திலேயே எண்ணியிருப்பீர்கள். எழுத்துகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘கி’ என்பது க, இகரக் குறி என்று இரண்டு குறியீடு, ஆக 6 பைட். உங்கள் செய்தியில் 220 குறியீடு என்றால் உண்மையில் 600 பைட்டுக்கு மேல் இருக்கும். நிரலோ 220 பைட் படித்ததும் கடையைச் சாத்திவிடுகிறது. முதலில் பைட்டாக மாற்றிவிட்டு, பிறகு எண்ணுங்கள். இது தமிழில் எழுதும் எல்லாரும் ஒரு முறையாவது விழுந்த குழி, நானும் விழுந்தேன்.

இன்னொன்று. 600 பைட் என்றால் 4,800 பிட், புள்ளிக்கு 3 வீதம் 1,600 புள்ளி. 1,920 புள்ளி அகலப் படத்தில் முதல் வரிசைகூட நிரம்பாது. உங்கள் படத்தின் மேல் வரிசை முழுக்க இரவு வானம், ஒரே கறுப்பு. அங்கே கடைசி பிட்டுகள் மட்டும் துள்ளினால் தேடுகிறவனுக்குக் கொண்டாட்டம். விளக்குகளும் கூட்டமும் இருக்கும் இடங்களில் சிதறிப் போடுங்கள். வெளியே பகிர்ந்த படத்தையும் பயன்படுத்த வேண்டாம், மூலப் படம் கிடைத்தால் இரண்டையும் கழித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஒளிப்பது பூட்டுவதாகாது. செய்தியை முதலில் மறைச்சொல் வைத்துக் குறியாக்கம் செய்து, அந்தக் குறியாக்கத்தை ஒளியுங்கள்.

தோபாயோவாசி:
நீளத்தைத் திருத்தினேன், முழுச் செய்தியும் வந்துவிட்டது. நன்றி அக்கா, நன்றி பிட்டுக்காரரே. குறியாக்கமும் சேர்த்தாயிற்று. எங்கள் அக்கா கேட்ட முதல் கேள்வி, “மறைச்சொல்லை எதற்குள் ஒளித்து அனுப்பப்போகிறாய்?” சனிக்கிழமை கடற்பாலம் கடந்து ஜோகூர் பாருவுக்குப் போய் நேரில் சொல்வதாக இருக்கிறேன்.

பிட்டுக்காரன்:
பெட்டி எண்ணையும் அப்படியே நேரில் சொல்லிவிடலாமே?

தோபாயோவாசி:
சொல்லலாம். ஆனால் அம்மா இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எண்ணை மாற்றச் சொல்கிறார்.