இருபது வருடம் பிரசங்கம் செய்துவிட்டு வகுப்பில் போய் உட்கார்ந்தபோது

பிரசங்கக் கலையில் உயர்பயிற்சி எடுத்த போதகர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். வகுப்பில் உங்களுக்கு எது உறைத்தது என்று எழுதுங்களேன். நானே ஆரம்பிக்கிறேன்.

நான் போனது டி.மின். (ஊழியத்தில் முனைவர் பட்டம்) படிப்புக்கு. எம்.டிவ். என்ற இறையியல் முதுகலைப் படிப்பை முடித்து, சில வருடம் ஊழியத்தில் இருந்தவர்களுக்கான படிப்பு அது. சபையை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. வருடத்தில் சில வாரம் வகுப்பு, மீதி எல்லாம் நம் சொந்தப் பிரசங்க மேடையில்தான். எனக்கு அப்போது இருபது வருட அனுபவம். உண்மையைச் சொன்னால், கற்றுக்கொள்ளவா போனேன்? பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் வேண்டியிருந்தது.

முதல் வேலையே என்னைச் சாய்த்துவிட்டது. சமீபத்தில் பேசிய ஒரு செய்தியின் ஒலிப்பதிவை எடுத்து, இருமல், 'ம்ம்' உட்பட ஒன்று விடாமல் எழுதி வரச் சொன்னார்கள். நாற்பது நிமிடச் செய்திக்கு மூன்று ராத்திரி போனது. 'பிரியமானவர்களே' மட்டும் 61 தடவை. அடுத்து என்ன சொல்வது என்று தெரியாத இடத்திலெல்லாம் 'அல்லேலூயா சொல்லுங்கள்' என்று சபையிடம் தள்ளிவிட்டிருக்கிறேன். யோசிக்க நேரம் வாங்கியிருக்கிறேன் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. 'கடைசியாக' நான்கு முறை. முதல் 'கடைசியாக'வுக்கும் நான்காவதற்கும் நடுவே 14 நிமிடம்.

(பவுலும் அப்படித்தானே என்று வாதாடிப் பார்த்தேன். பிலிப்பியர் 3:1-லும் 4:8-லும் கிரேக்கத்தில் ஒரே சொற்றொடர். தமிழில் பின்னதை மட்டும் 'கடைசியாக' என்றும் முன்னதை 'மேலும்' என்றும் போட்டு அவரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆசிரியர் சிரித்தார். மதிப்பெண் தரவில்லை.)

அப்புறம்தான் பெரிய அடி. வகுப்பில் ஒன்பது பேர் முன்னால் பேசி முடித்தேன். ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து, 'இவர் என்ன சொன்னார், ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்' என்றார் ஆசிரியர். ஒன்பது காகிதத்தில் ஏழு செய்தி! ஒருவர் மன்னிப்பு என்கிறார், ஒருவர் ஜெபம் என்கிறார், ஒருவர் காணிக்கை என்றே எழுதியிருந்தார். காணிக்கையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. என்னிடமும் ஒரு காகிதத்தை நீட்டினார். நான் எழுதியது இரண்டரை வரி, நடுவில் இரண்டு 'அதோடு'. "உங்களிடமே இது ஒன்றாக இல்லையே ஐயா" என்றார், அவ்வளவுதான்.

இப்போது அந்த ஒரு வாக்கியம் கிடைக்காமல் குறிப்பு எழுத உட்காருவதில்லை. சில வாரம் வியாழன் வரை பிடிபடாது. சனிக்கிழமை ராத்திரி வந்த வாரமும் உண்டு. அதைப் பற்றி என் மனைவியிடம் கேட்காதீர்கள்.

*

ஸ்தோத்திரம் ஐயா. உங்களுக்குத் துண்டுக் காகிதம், எனக்கு வாசிப்பு.

நான் போன பயிற்சியில் முதல் நாள் முழுக்க வேதபாகத்தைச் சத்தமாக வாசிப்பது மட்டும்தான். இதற்கா இத்தனை தூரம் வந்தோம் என்று இருந்தது. எனக்கு விழுந்தது லூக்கா 15-இன் கடைசிப் பகுதி, கெட்ட குமாரன் வீடு திரும்பும் கதை. மூத்த மகன் கோபத்தில் தகப்பனிடம் "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான். தம்பி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தகப்பன் இரண்டு வசனம் தள்ளி அந்த 'இவனை' அப்படியே எடுத்து, "உன் சகோதரனாகிய இவனோ" என்று திருப்பிக் கொடுக்கிறார். எத்தனையோ முறை நான் பிரசங்கித்த பகுதி. அந்த 'உம்முடைய', இந்த 'உன்' இரண்டின் மேலும் ஒரே ஓட்டமாக ஓடிப் போயிருக்கிறேன். பயிற்சியாளர் ஆறு முறை வாசிக்க வைத்தார். ஆறாவது முறை 'உன்' வந்த இடத்தில் குரல் தானாக நின்றது.

நெகேமியா 8:8-இல் வரிசையைப் பாருங்கள்: "தீர்க்கமாய் வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை விளங்கப்பண்ணினார்கள்." வாசிப்புதான் முதலில். நாமோ ஆராதனை தொடங்கிய பிறகு யார் வாசிப்பது என்று தேடுகிறோம்.

*

எனக்குக் கிடைத்தது அவமானம், சொல்லிவிடுகிறேன். எரேமியா 29:11, தேவன் நம்மேல் நினைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற வசனம், என்னுடைய கைவசச் சரக்கு. பிரிவு உபசாரம், புது வேலை, கல்யாணம், எதுவானாலும் அதுதான். வகுப்பிலும் அதையே பேசிவிட்டு உட்கார்ந்தேன். மூத்த போதகர் ஒருவர், "முந்தின வசனம் என்ன தம்பி?" என்று மட்டும் கேட்டார். வரவில்லை.

அதில் 70 வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று முன்பே சொல்லியாகிவிட்டது. அதை வாசிக்கக் கேட்ட வயதானவர்கள் ஊர் திரும்புவதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்கமாட்டார்கள். வசனத்தை நான் விட்டுவிடவில்லை. ஆனால் இப்போது அதைப் பெரும்பாலும் மாதக்கணக்கில் படுக்கையில் இருப்பவர்களிடம்தான் கொண்டுபோகிறேன். பத்தாம் வசனத்திலிருந்தே வாசிக்கிறேன்.

*

எல்லாரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள். எனக்குப் பயிற்சி முடிந்த முதல் ஆறு மாதம் பிரசங்கம் கெட்டுத்தான் போனது. முன்னுரை, திருப்பம், முடிவு எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி, மனசுக்குள் ஆசிரியரின் மதிப்பீட்டுத் தாள். கருத்துச் சொல்ல என் சபையிலேயே ஒரு குழு வைத்திருந்தேன். அதில் ஒரு அம்மா, "பாஸ்டர், முன்னே எங்களைப் பார்த்துப் பேசுவீங்க, இப்போ எங்க பின்னாடி இருக்கிற சுவரைப் பார்க்கிறீங்க" என்றார். நாவன்மையைச் சம்பளத்துக்குக் கற்றுக்கொடுத்து, பிறகு பிஷப்பான பழைய சபைப் பிதா அகஸ்டினே, விதிகளைப் படிப்பதைவிட நன்றாகப் பேசுகிறவர்களைக் கேட்டும் வாசித்தும் அது சுலபமாக வரும் என்று எழுதியிருக்கிறார். இதை நான் வகுப்புக்குப் போகும் முன்பே வாசித்திருக்கலாம்.

*

முதலில் எழுதியவன்தான் மறுபடி. சுவரைப் பார்ப்பது எனக்கும் நடந்தது பாஸ்டர், கொஞ்ச நாளில் போய்விடும்.

குழு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் குழுவில் ஒரு பையன், வயது பதினேழு. 'எங்கே கவனம் சிதறியது?' என்ற கேள்விக்கு மற்றவர்கள் 'சிதறவில்லை ஐயா' என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். இவன் '11.22' என்று மணியைக் குறித்திருந்தான். நல்லவேளை, பவுலின் நீண்ட பிரசங்கத்தில் தூங்கிக் கீழே விழுந்த ஐத்திகு மாதிரி ஜன்னலில் உட்காரவில்லை. பதிவை ஓட்டிப் பார்த்தேன். 11.22-க்கு நான் 'கடைசியாக' என்று சொல்கிறேன். முதல் தடவை.