ஆன்லைனில் கிராஃபிக் டிசைன் படிக்கிறேன், அடுத்து எந்தப் பிரிவுக்குப் போவது?

நிலாமுற்றம்:
வணக்கம். வேலைக்குப் போய்க்கொண்டே ஆன்லைனில் கிராஃபிக் டிசைன் படிக்கிறேன். கோர்செரா தளத்தில் கால்ஆர்ட்ஸ் என்ற அமெரிக்கக் கலைக்கல்லூரி நடத்தும் அடிப்படைப் பாடத்தொடரை முடித்தாயிற்று, இல்லஸ்ட்ரேட்டரும் போட்டோஷாப்பும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன, திரைகளை வடிவமைக்கும் ஃபிக்மா இப்போதுதான் ஆரம்பம். அடுத்து எந்தப் பக்கம் போவது என்பதில் நின்றுவிட்டேன். யூஐ, அதாவது செயலி, இணையதளத் திரை வடிவமைப்பு படி, அதில்தான் வேலை இருக்கிறது என்கிறார் ஒருவர், எழுத்தையும் படத்தையும் அசையவைக்கும் மோஷன் கிராஃபிக்ஸ்தான் என்கிறார் இன்னொருவர். எனக்கு உண்மையில் பிடித்தது எழுத்து. ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு எழுத்துகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைச் சரிசெய்ய உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. ஆனால் அதை வைத்துப் பிழைக்க முடியுமா?

இன்னொன்று, நான் செய்வதைப் பார்த்து இந்த இடம் சரியில்லை என்று சொல்ல ஆள் இல்லை. கூடப் படிப்பவர்கள் "அருமை" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் எல்லாம் இதை எப்படிச் சமாளித்தீர்கள்?

மைத்தடம்:
இடைவெளியைச் சரிசெய்ய உட்கார்ந்தால் நேரம் தெரியவில்லை என்கிறீர்களே, அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் அதன் அழகான பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பிரிவிலும் நாள் முழுக்கச் செய்யவேண்டிய சலிப்பான வேலை ஒன்று உண்டு, அது உங்களுக்கும் சலிக்கிறதா என்பதுதான் கேள்வி.

நான் இருப்பது பேக்கேஜிங், கொஞ்சம் புத்தக வடிவமைப்பு. ஒரு மருந்து அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் பெயரும் ஒரு நிறப்பட்டையும் வைப்பது சீக்கிரம் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் வேலையே: பெட்டியை எங்கே வெட்டி எங்கே மடிப்பது என்று காட்டும் டைலைன் மேல் ஒவ்வொரு முகத்தையும் சரியான திசையில் பொருத்த வேண்டும், வெட்டுக்கோட்டுக்கு வெளியே வழக்கமாக 3 மில்லிமீட்டர் ப்ளீட் (நிறம் கூடுதலாக நீளும் ஓரம்) விட வேண்டும், பசை பூசும் மடிப்பில் மை படக்கூடாது, பார்கோடு வளைவிலோ மடிப்பிலோ விழக்கூடாது. பொடி எழுத்தெல்லாம் கறுப்பு மையில் மட்டும்தான் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நிற அச்சின் நான்கு மையும் கலந்த கறுப்பில் 6 பாயிண்ட் எழுத்து போய்விட்டால், அச்சில் ஒரு நிறம் இம்மி நகர்ந்தாலும் ஓரத்தில் நீலமோ சிவப்போ எட்டிப்பார்க்கும், படிக்கவே முடியாது. திரையில் இது எதுவும் தெரியாது. இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஆர்வம் வந்தால் அச்சுப் பக்கம் வாருங்கள், அலுப்பு வந்தால் வேண்டாம்.

ஜெர்மனியில் பிறந்த அச்சு வடிவமைப்பாளர் யான் சிகோல்ட் 1947இல் பெங்குயின் பதிப்பகத்துக்குப் போனபோது, அச்சுக்கோப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும் என்று சின்னதாக ஒரு விதித்தொகுப்பு எழுதிக்கொடுத்தார். பத்திக்கு எவ்வளவு உள்ளிடம், பெரிய எழுத்துகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, இந்த மாதிரி. பக்கத்தைத் திறந்தால் தெரியும் அமைதி அந்தப் பொடி விஷயங்களில் இருந்துதான் வருகிறது. உங்களுக்குப் பிடித்த வேலை அதுதானே.

வட்டச்சதுரம்:
மைத்தடம் சொல்வதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன். சலிப்பை வைத்துத் தேர்ந்தெடுப்பது சரி. ஆனால் எழுத்து பிடிக்கும் என்றால் அச்சுக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. ஒரு செயலியின் திரையைத் திறந்து படங்களையும் ஐகான்களையும் எடுத்துவிட்டுப் பாருங்கள், மிச்சம் இருப்பது முழுக்க எழுத்துதான். யூஐயில் திணறுகிறவர்களில் பலருக்கு ஃபிக்மா நன்றாகத் தெரியும், எழுத்தின் அளவு, கனம், வரி இடைவெளி இவற்றை வைத்து எது முக்கியம் என்று காட்டத் தெரியாது.

இங்கே இருக்கும் சலிப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பொத்தானுக்குச் சாதாரண நிலை, அழுத்திய நிலை, கீபோர்டில் வந்து நிற்கும் நிலை, முடக்கிய நிலை என்று வரைய வேண்டும். பட்டியல் காலியாக இருந்தால் திரை எப்படி இருக்கும், இணையம் போய்விட்டால் என்ன காட்டுவது என்று யோசிக்க வேண்டும். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்று அணுகல்தன்மை விதி இருக்கிறது. அழகான வெளிர்சாம்பல் எழுத்தெல்லாம் இதில் அடிபட்டுப்போகும், போகட்டும், பார்வை மங்கியவரும் படிக்க வேண்டும் இல்லையா. அப்புறம் ஆங்கிலத்தில் கச்சிதமாக உட்கார்ந்த அதே பெட்டியில் தமிழைப் போட்டால் மேல்வரியின் கூ கீழ்வரியின் கீயோடு முட்டும். அதை முதலில் கவனிக்கிற கண் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

பிழைப்பு பற்றிக் கேட்டீர்கள். எழுத்துரு உருவாக்குவதை மட்டும் நம்பி இருப்பது கடினம், முழுநேர வேலைகள் ரொம்பக் குறைவு. எழுத்தில் கெட்டிக்காரராக இருந்துகொண்டு பிராண்டிங், யூஐ, இதழ் வடிவமைப்பு ஏதாவது ஒன்றைச் செய்யலாம், அதற்கு எப்போதும் இடம் இருக்கிறது.

ஓடும்கோடு:
நான் மோஷன் ஆள், ஆனால் உங்களை அந்தப் பக்கம் இழுக்கப்போவதில்லை. நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் ஒரு சொல் உள்ளே வந்து நிற்பதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிற பொறுமை வேண்டும், அது உங்களிடம் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை.

யோசித்துக்கொண்டே இருப்பதை விட, ஒரே பிரிஃபை, அதாவது வேலைக் குறிப்பை, எடுத்து மூன்று விதமாகச் செய்து பாருங்கள். ஒரு நூலகத்தின் புத்தக வாரம் என்று வையுங்கள்: அச்சுக்கு ஒரு மடிப்பிதழ், மொபைலுக்கு நிகழ்ச்சிப் பட்டியல் திரை, பத்து நொடி அறிவிப்பு. மூன்றுக்கும் ஒரே எழுத்துருக் குடும்பம், இரண்டே கனம், இரண்டே நிறம். எதை முடித்த பிறகும் திரும்பத் திறந்து திருத்த மனம் வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றும் உங்கள் வேலைகளைக் காட்டும் போர்ட்ஃபோலியோவிலும் உட்காரும்.

கருத்து கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன், ஆன்லைனில் படிப்பதில் உண்மையான குறை இதுதான். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "அருமை" என்றுதான் பதில் வரும். மூன்று நொடி காட்டிவிட்டு மூடுங்கள், முதலில் எது கண்ணில் பட்டது என்று கேளுங்கள். நிகழ்ச்சி எந்தத் தேதி என்று கேளுங்கள். டிசைன் தெரியாதவரிடமே கேட்கலாம், அவர் தேடித் தடுமாறினால் எந்த இடத்தில் தடுமாறினார் என்று பாருங்கள். தொழில் தெரிந்தவரிடம் காட்டும்போது பிரிஃபையும் நீங்கள் ஒதுக்கிவிட்ட வடிவங்களையும் சேர்த்து அனுப்புங்கள், அவர் சொல்வதற்கு ஏதாவது இருக்கும்.

நிலாமுற்றம்:
ரொம்ப நன்றி. மைத்தடம் சொன்ன அட்டைப்பெட்டிக் கதையை இரண்டு முறை படித்தேன், அலுப்பு வரவில்லை! நூலகப் பிரிஃபை மடிப்பிதழில் இருந்தே தொடங்குகிறேன். ஒரே சந்தேகம், இதற்கு அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இண்டிசைன் கட்டாயமா, இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸ் போதுமா? உள்ளடக்கம் தமிழில்தான்.

மைத்தடம்:
கற்றுக்கொள்ள ஸ்கிரைபஸ் போதும். மாஸ்டர் பக்கம், பத்தி ஸ்டைல், ப்ளீட், அச்சுக்கான பிடிஎஃப் எல்லாம் அதில் இருக்கிறது, தமிழுக்குப் புதிய பதிப்பாகப் பார்த்து இறக்குங்கள். பின்னால் இண்டிசைனுக்குப் போனீர்கள் என்றால், கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். பத்தி அமைப்பில் அடோபி வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும். மடிப்பிதழை முடித்ததும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.