நக்கிப் பார்க்கும், முகர்ந்து பார்க்கும் ஆறு வயது மகன்: எதைத் தடுப்பது, எதை விடுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஆறு வயது ஆகிறது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். இப்போது இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசுகிறான்; சொல்ல வராததைப் படத்தைக் காட்டிக் கேட்கிறான். இந்த முன்னேற்றத்துக்கு நடுவே, கடந்த எட்டு மாதங்களாக ஒரு பழக்கம் கூடிக்கொண்டே வருகிறது. முகம் பார்க்கும் கண்ணாடி, சன்னல் கம்பி, கதவின் கைப்பிடி, சுவர் என எதையும் நாக்கை நீட்டி நக்கிப் பார்க்கிறான். புதிய பொருள் ஒன்றைக் கையில் கொடுத்தால் முதலில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுப் பிறகுதான் கண்ணால் பார்க்கிறான். வீட்டுக்கு வருபவர்களின் தலைமுடியையும் கையையும் முகராமல் அவர்கள் அருகில் உட்காருவதில்லை.

கண்டித்து வளர்க்காததால்தான் இப்படி ஆகிவிட்டான் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். முன்பு நாங்கள் சென்றுவந்த ஒரு பயிற்சி மையத்தில், அவன் நக்கும்போதெல்லாம் உதட்டில் கசப்பு மருந்தைத் தடவச் சொன்னார்கள். நான்கு நாட்கள் அப்படியே செய்தேன். கம்பியை விட்டுவிட்டுத் தன் சட்டைக் கழுத்தையும் புறங்கையையும் தோல் சிவக்கும்வரை நக்கத் தொடங்கினான். ஐந்தாம் நாள் காலையில் என்னைக் கண்டதும் இரு கைகளாலும் வாயை மூடிக்கொண்டான். அன்றோடு அதை நிறுத்திவிட்டேன். ஆனால் அந்தக் காட்சி என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

இது ஏன் வருகிறது, வயது ஏறினால் தானாகக் குறையுமா, எதை உறுதியாகத் தடுக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பதினொரு வயது மகனின் தந்தை

சகோதரிக்கு வணக்கம். நாங்களும் இதே வழியில் வந்தவர்கள்தான். நாங்கள் செய்தவற்றில் உண்மையிலேயே பயன் தந்தது ஒரு சாதாரணக் குறிப்பேடு. இரண்டு வாரங்களுக்கு, அவன் எப்போது நக்கினான், எதை நக்கினான், அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது, பின்பு என்ன நடந்தது என்ற நான்கை மட்டும் எழுதினோம். திருத்த முயலவில்லை, எழுதினோம், அவ்வளவுதான்.

எழுதியதைப் படித்துப் பார்த்தபோதுதான், 'எதையும் நக்குகிறான்' என்று நாங்கள் பலரிடமும் சொல்லிவந்தது தவறு என்று தெரிந்தது. அவன் மரத்தையோ துணியையோ ஒருமுறைகூட நக்கவில்லை. கண்ணாடி, எவர்சில்வர், பளிங்குத் தரை என வழவழப்பாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தவற்றை மட்டுமே தேடிப் போயிருந்தான். அதிலும் பெரும்பகுதி, பள்ளியிலிருந்து திரும்பிய பிறகான ஒரு மணி நேரத்தில் நடந்திருந்தது. அவன் தேடியது சுவையை அன்று, குளிர்ச்சியை. அதன் பிறகு, வீடு திரும்பியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்த கரண்டி ஒன்றை அவன் கையில் கொடுக்கத் தொடங்கினோம். சில வாரங்களில் கண்ணாடியை நக்குவது வெகுவாகக் குறைந்தது. முழுவதும் நின்றுவிடவில்லை, இன்றும் மனம் கலங்கிய நாட்களில் திரும்பி வருகிறது.

முகர்வது இதிலிருந்து முற்றிலும் வேறான காரணத்தோடு இருந்தது. புதிய இடத்துக்குப் போகும்போதும் புதியவர்கள் வரும்போதும் மட்டுமே அது கூடியது. ஆகவே இரண்டையும் ஒரே பழக்கமாக எண்ணாமல் தனித்தனியே எழுதிப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பதில்: ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்)

முந்தைய பதிலில் சொல்லப்பட்ட குறிப்பேட்டைத்தான் நானும் பெற்றோரிடம் முதலில் கேட்பேன். ஏன் வருகிறது என்ற உங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்கிறேன்.

எல்லாக் குழந்தைகளும் முதல் இரண்டு ஆண்டுகளில் உலகத்தை வாயால்தான் அறிகிறார்கள். உதட்டிலும் நாக்கின் நுனியிலும் தொடு உணர்வு நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருப்பதும், மூளையில் தொடு உணர்வுக்கான பகுதியில் வாய்க்கு மிகப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருப்பதும் இதற்குக் காரணம். பிறகு கண்ணும் கையும் அந்த வேலையை ஏற்றுக்கொள்ள, வாயில் வைக்கும் பழக்கம் குறைகிறது. ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்குக் கண்ணும் காதும் கொண்டுவரும் செய்திகள் குழப்பமாகவோ அளவுக்கு மீறியோ இருப்பதால், தெளிவான செய்தி தரும் வாயையும் மூக்கையும் அவர்கள் தொடர்ந்து நம்புகிறார்கள். வேறு சிலருக்கு உணர்வு மந்தமாக எட்டுவதால், அதை உரக்கக் கேட்க விரும்புவதுபோல மீண்டும் மீண்டும் தேடுகிறார்கள். வின்னி டன் என்ற ஆய்வாளர் 1997-இல் வகுத்த புலனுணர்வு மாதிரி, உணர்வைத் தேடுபவர், தவிர்ப்பவர், எளிதில் தூண்டப்படுபவர், கவனிக்காமலே விட்டுவிடுபவர் என நான்கு போக்குகளைச் சொல்கிறது. ஒரே குழந்தை ஒலியைத் தவிர்ப்பவனாகவும் சுவையைத் தேடுபவனாகவும் இருக்கலாம் என்பதால், 'இவன் தேடுகிற வகைக் குழந்தை' என்று மொத்தமாக முத்திரை குத்துவது உதவாது.

வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள். லியோ கானர் 1943-இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதியது முதலே ஆட்டிசம் மருத்துவத்தில் பேசப்பட்டாலும், பொருட்களை அளவுக்கு மீறி முகர்வது, தொடுவது போன்ற புலனுணர்வு வேறுபாடுகள் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது 2013-இல்தான். முன்பு பயிற்சி பெற்ற பலரும் இதை ஒழுக்கக்கேடாகப் பார்ப்பதில் வியப்பில்லை. உங்கள் மகனின் நடத்தை அவனுடைய நரம்பு மண்டலம் இயங்கும் விதத்தோடு சேர்ந்தது. வளர்ப்பின் குறை அன்று.

கசப்பு மருந்தைப் பற்றி நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. தேவை அப்படியே இருக்க, அது வெளிப்படும் வழியை மட்டும் அடைத்ததால் சட்டைக் கழுத்துக்கும் புறங்கைக்கும் மாறியது. தேவைக்கு வேறு வழி திறந்துவிடுவதே நாம் செய்யக்கூடியது. கடிப்பதற்கென்றே செய்யப்பட்ட கெட்டியான சிலிகான் பொருட்கள், மொறுமொறுப்பானதும் குளிர்ந்ததும் புளிப்பானதுமான உணவு, கெட்டியான பானத்தை உறிஞ்சும் குழாய், அதிரும் பல் துலக்கி, சோப்புக் குமிழி ஊதுவது ஆகியவற்றில் ஒன்றிரண்டை முயன்று பாருங்கள். நக்கிய பிறகு கொடுக்காமல், அவன் வழக்கமாகத் தடுமாறும் நேரத்துக்குச் சற்று முன்பே கொடுங்கள். சிலிகான் பொருளில் கீறல் விழுந்திருக்கிறதா என்று நாள்தோறும் பாருங்கள். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தால், அந்தக் கயிற்றோடு தூங்க விடாதீர்கள்.

என் துறையைச் சேர்ந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊஞ்சல், தூரிகை, பந்து போன்றவற்றைக் கொண்டு புலன்களைப் பழக்கும் புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சைக்கான சான்றுகள் குறைவாகவே உள்ளன என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012-இல் எச்சரித்தது. ஆகவே எந்த மையத்துக்குச் சென்றாலும், எந்த மாற்றத்தை எத்தனை வாரங்களில் எதிர்பார்க்கலாம் என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தக் காலத்துக்குள் பயன் தெரியாவிட்டால் நிறுத்திவிடத் தயங்காதீர்கள்.

பதில்: குழந்தைகள் நல மருத்துவர்

மேலே சொல்லப்பட்டவை சரியே. ஆனால் 'புலனுணர்வுத் தேடல்' என்று பெயரிட்டதும் உடல் காரணங்களைத் தேடாமல் விட்டுவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதைப் பற்றியே எழுதுகிறேன்.

எட்டு மாதங்களாகக் கூடிவருகிறது என்கிறீர்கள். ஆறு வயதை ஒட்டித்தான் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. முன்பற்களும் ஆடத் தொடங்குகின்றன. வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை வாயால் எதையாவது செய்துகொண்டே இருப்பான். சொத்தைப் பல், வாய்ப்புண், இரைப்பை அமிலம் மேலேறுவது ஆகியவையும் இப்படித்தான் வெளிப்படும். முதலில் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு நாசியில் மட்டும் துர்நாற்றத்தோடு சளி வந்தால் மூக்குக்குள் ஏதேனும் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நக்குவதோடு நிற்கிறதா, விழுங்குகிறானா என்பது மிக முக்கியம். மண், காகிதம், சுண்ணாம்பு, பெயின்ட் துகள் போன்றவற்றை ஒரு மாதத்துக்கும் மேலாகத் தின்றுவந்தால் அது பைகா எனப்படும். இரும்புச் சத்துக் குறைவோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பதால் ஹீமோகுளோபினையும், உடலில் இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பரிசோதிக்க வேண்டும். பழைய சுவரையும் கம்பியையும் நக்கும் குழந்தைக்கு இரத்தத்தில் ஈயத்தின் அளவையும் நான் கட்டாயம் பார்ப்பேன். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அது சற்று இனிப்பாகவும் இருக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், குழந்தைகளுக்கான எச்சரிக்கை அளவை 2021-இல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்று குறைத்தது. ஈயம் கற்றலையும் கவனத்தையும் பாதிப்பதால், ஆட்டிசம் உள்ள குழந்தையிடம் அந்தப் பாதிப்பு முழுவதும் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதப்பட்டு, கண்டறியப்படாமலே போய்விடும் என்பதுதான் என் பெரிய கவலை. பெயின்ட் உரியும் சுவரை உலர்வாகச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அவன் கைக்கும் வாய்க்கும் எட்டாதபடி மறையுங்கள்.

பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடக்கூடும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் சுவர்களை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளையிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இன்னும் ஒன்று: உதட்டைச் சப்புவதோ நக்குவதோ திடீரென்று தொடங்கி, அப்போது கண் ஓரிடத்தில் நிலைத்து, அழைத்தாலும் திரும்பாமல் சில நொடிகளில் முடிந்துவிட்டால், அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். கைபேசியில் படம் பிடித்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில்: ஆட்டிசம் உள்ள ஒருவர்

எனக்கு முப்பத்திரண்டு வயது. சிறு வயதில் நானும் எல்லாரையும் முகர்ந்தேன். இப்போதும் யாரும் பார்க்காதபோது புத்தகத்தை முகர்ந்துவிட்டுத்தான் படிக்கிறேன். அம்மா கண்ணாடி அணிந்தாலோ கூந்தலை வேறுவிதமாக முடிந்தாலோ அவருடைய முகம் எனக்கு வேறு முகமாகத் தெரிந்தது. வாசனை மட்டும் மாறவே இல்லை. அதனால்தான் முகர்ந்தேன். மற்றப் புலன்களின் செய்திகள் தாலமஸ் என்ற பகுதியைக் கடந்து மூளையின் மேற்பகுதிக்குச் செல்ல, மணம் மட்டும் அதைக் கடக்காமலே நினைவுக்கும் உணர்ச்சிக்குமான பகுதிகளை அடைகிறது என்று பின்னாளில் படித்தபோது, என் குழந்தைப் பருவத்துக்கு ஒரு விளக்கம் கிடைத்ததுபோல் இருந்தது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் 36 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், கெட்ட வாசனை வந்ததும் மற்றக் குழந்தைகள் மூச்சிழுப்பதை உடனே குறைத்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் நறுமணத்தை முகர்வதுபோலவே அதையும் முகர்ந்தார்கள். சிறிய ஆய்வுதான் என்றாலும், எங்கள் மூக்கு வேறு விதிப்படி இயங்குகிறது என்பதை அது காட்டுகிறது.

'முகராமல் இருந்தால் பரிசு' என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். எனக்கு அப்படித்தான் பயிற்சி அளித்தார்கள். முகர்வதை நிறுத்தினேன், கூடவே, புதியவர்கள் இருக்கும் அறைக்குள் நுழைவதையும் நிறுத்திவிட்டேன். பொருட்களை அவன் விருப்பப்படி முகரட்டும். மனிதர்களின் உடல் மட்டும் அவர்களுடைய அனுமதிக்கு உட்பட்டது என்பதை இப்போதே கற்றுக்கொடுங்கள். ஆறு வயதில் மன்னிக்கப்படும் செயல் பதினாறு வயதில் அவனுக்கே ஆபத்தாக முடியும். கையை நீட்டும் படம் ஒன்றை அட்டையில் வரைந்து கொடுத்து, அதைக் காட்டி, கையை முகரலாமா என்று கேட்கப் பழக்கலாம். மறுப்பவர்கள் இருப்பார்கள் என்பதால், வீட்டு வாசனை உள்ள கைக்குட்டை ஒன்று எப்போதும் அவன் பையில் இருக்கட்டும். துணி துவைக்கும் சோப்பை முன்னறிவிப்பின்றி மாற்றாதீர்கள். அது எங்களுக்கு வீடே மாறியதுபோல இருக்கும்.

கேட்டவரின் மறுமொழி, மூன்று வாரங்களுக்குப் பிறகு

பதில் எழுதிய அனைவருக்கும் என் நன்றி. பல் மருத்துவர் பார்த்தபோது கீழ்த்தாடையில் இருபுறமும் கடைவாய்ப் பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வருவது தெரிந்தது. ஃபெரிட்டின் குறைவாக இருந்ததால் இரும்புச் சத்து மருந்து தொடங்கியிருக்கிறோம். குறிப்பேட்டில் இரண்டு வாரங்கள் எழுதியதில், அவன் நக்குவது பெரும்பாலும் உணவு நேரத்துக்கு முன்பாகவே நடக்கிறது என்று தெரிகிறது. இது பல் வலியாலா, பசியாலா என்று இன்னும் பிரித்தறிய முடியவில்லை. குளிர்ந்த கரண்டியை அவன் தொடவே இல்லை, சிலிகான் கடிப்பானை ஏற்றுக்கொண்டான்.

கையை நீட்டும் படத்தை என் மாமியாரே வரைந்து கொடுத்தார். அவரிடம்தான் அவன் அதை முதலில் காட்டினான். ஈயத்தின் அளவு பற்றிய முடிவு இன்னும் வரவில்லை. வரும்வரை பெயின்ட் உரிந்த பின்னறையைப் பூட்டி வைத்திருக்கிறேன்.