எமன் வில்லனா, நாயகனா? கூத்துத் தெரிந்தவர்கள் உதவுங்கள்
அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம், மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து எழுதுகிறேன். நானும் தம்பியும் சின்னதாக ஒரு வீடியோ கேம் செய்கிறோம், அதில் எமனை எப்படிக் காட்டுவதென்று இன்னும் முடிவாகவில்லை. காசில்வேனியா என்ற கேமில் சாவு டிராகுலாவின் ஆள், அடித்து வீழ்த்த வேண்டியவன். 2012இல் வந்த டார்க்சைடர்ஸ் 2இல் சாவுதான் நாம் ஆடும் நாயகன். எனக்கு இரண்டும் ஒட்டவில்லை. 2004 சுனாமியில் அம்மம்மாவை இழந்த வீடு எங்களுடையது, அவவை ஒரு வில்லன் கொண்டுபோனதாக வரையக் கை வரவில்லை.

இப்போதைக்கு எமன் இரவில் வாவியில் தோணி வலித்து வருகிறான், அணியத்தில் ஒரு அரிக்கன் லாம்பு, ஏறுபவரிடம் பெயரை மட்டும் கேட்பான்.

கூத்தில் எமன் வரவு பார்த்தவர்கள், கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகையிலும் அவனுக்கு என்ன உடுப்பு, என்ன தாளம்? மத்தளச் சத்தம் பதிவு செய்ய விடுவீர்களென்றால் வீட்டுக்கே வருகிறேன்.