கணினி வராத காலத்து நூலக வேலை: இன்னும் மறக்காத ஒரு முகம்

அட்டைப்பெட்டி:
புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி முறைதான் எங்களுடையது. அடுக்கு சரிபார்க்கும்போதெல்லாம் 200-ல், சமய நூல்களுக்குப் பின்னால், ஒரே இயற்கணிதப் புத்தகம் கிடக்கும். முதுகில் 512 என்று இயற்கணிதத்துக்கான எண் பளிச்சென்று இருக்கும். எடுத்துப்போய் அதன் இடத்தில் வைப்பேன். மறுபடி அங்கேயே வந்திருக்கும். ஒருநாள் மாலை ஒரு பையன் நேராக 200-க்கு வந்து, புத்தகங்களுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான். புத்தகம் இரவல் வாங்குவதற்கான டிக்கெட் எடுக்க வைப்புத்தொகை கட்ட முடியாதவன். நாளைக்கும் படிக்கவேண்டுமே என்று ஒளித்து வைத்திருக்கிறான். 512 அடுக்கைக் காட்டினேன். அன்று காலைதான் யாரோ அதை இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். அந்த இடைவெளிக்குள் விரலை வைத்தபடியே நின்றான்.

சிவப்புமை:
இரக்கம் சரி. ஆனால் இடம் மாறிய புத்தகம் தொலைந்த புத்தகம்தான். பட்டியல் பெட்டியில் ஆசிரியர், தலைப்பு, பொருள் என்று அதற்குள்ள மூன்று கார்டும் புத்தகம் இருக்கிறது என்று சொல்லும், அடுக்கில் இருக்காது. தேடி வந்து வெறுங்கையோடு போனவர்களை யார் கணக்கில் வைப்பது?

என் கதை வேறு. எங்களுடையது பிரௌன் முறை. புத்தகத்துக்குள் இருக்கும் அதன் கார்டை எடுத்து, பை மாதிரி இருக்கும் வாசகரின் டிக்கெட்டுக்குள் செருகி, திருப்பித்தரும் தேதிவாரியாகத் தட்டில் அடுக்குவோம். ஒருவர் வந்து, தன் மகள் என்ன புத்தகம் எடுத்திருக்கிறாள் என்று காட்டச் சொன்னார். சொல்லிக்கொண்டே தட்டுப் பக்கம் குனிந்தார். நான் முழங்கையைத் தட்டின் மேல் வைத்துவிட்டேன். “இது தேதி வரிசை சார், பேர் வரிசை இல்லை. தேடினாலும் கிடைக்காது.” பொய்யில்லை. வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கம்பிக்குமேல்:
பட்டியல் கார்டுகளின் அடியில் உள்ள துளை வழியாக இழுப்பறையில் ஒரு கம்பி ஓடும். புதிய கார்டுகளை வரிசைப்படி, ஆனால் அந்தக் கம்பிக்கு மேலேதான் நிறுத்திவைப்போம். மூத்தவர் வந்து பார்த்து, சரியென்றால் கம்பியை உருவுவார். கார்டுகள் சரசரவென்று உள்ளே இறங்கும். என் முதல் இழுப்பறையில் அவர் ஒரு கார்டைக்கூட வெளியே எடுக்கவில்லை.

ஒன்று சொல்கிறேன். உங்கள் நூலகத்தில் ஊழியர் யாராவது அந்தப் பழைய பட்டியல் கார்டுப் பெட்டிகளைப் பழைய பேப்பருக்குப் போடப் பார்த்தால் தடுங்கள். கம்பியை உருவாதீர்கள், வரிசை கலைந்தால் திரும்பக் கூட்டுவது பெரும்பாடு. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டவே கூடாது, நாளடைவில் உருகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். இழுப்பறை முகப்பில் இருக்கும் எழுத்துச் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். முதன்மைக் கார்டின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்; அந்தப் புத்தகத்துக்கு வேறு எந்தெந்தத் தலைப்பில் கார்டு போட்டார்கள் என்று பலசமயம் அங்கே எழுதியிருக்கும். ஈரமான கார்டை வெயிலில் போடாதீர்கள், சுருண்டுவிடும், நிழலில், காற்றில்.

அட்டைப்பெட்டி:
சிவப்புமை, நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931-ல் தந்த ஐந்து விதிகளில் வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. உங்கள் வாதம் அதுதான், மறுக்கவில்லை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல் என்பது அதற்கு முன்னால், இரண்டாவதாக வருகிறது. டிக்கெட் இல்லாதவனும் வாசகன்தான். அவனுக்காக ஒரு பிரதியை வெளியே கொடுக்காமல் மேசையிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் உங்கள் நூலகத்தில் இருந்ததா?